பனிக்குள் ஒரு சண்டை

தம்பி காய்ச்சலில் இறந்துபோனபோது எனக்கு ஏழு வயது. தேயிலைச் சரிவுக்குக் கீழே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அவனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அம்மா ஜெபம் செய்வதை விட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு முன்கூடக் கண்ணை மூடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் மட்டும் பிரிஞ்சாங் டவுனுக்கு வேன் ஏறிக் கோயிலுக்குப் போய்வந்தோம். பிரசங்கம் தொடங்கியதுமே தூங்கிவிடுகிற அப்பா, அந்த நாள்களில் கடைசி ஆமென் வரை விழித்திருந்தார்.

தம்பி இயேசுவின் மடியில் சுகமாகத் தூங்குகிறான் என்று சபையார் வந்து ஆறுதல் சொன்னார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அம்மா பாத்திரம் கழுவப் போய்விடுவார். எனக்கோ, தம்பி தூக்கத்தில் அவர் மடியை நனைத்துவிடுவானே என்று கவலை.

ஒரு சாயங்காலம், கொழுந்து வெட்டப் போனவர்கள் எல்லாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பியும் அம்மா வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மலையேறினார். பனி இறங்கிச் செடிகளை மூடியிருந்தது. எங்கள் கால்களே எங்களுக்குத் தெரியவில்லை. இருவரும் மிதந்து போவதுபோல் இருந்தது.

மேலே எங்கிருந்தோ அம்மாவின் குரல் வந்தது.

"எம் புள்ளய ஏன் எடுத்துக்கிட்ட? ஆஸ்பத்திரியில முட்டி போட்டுக் கெஞ்சினேனே, கேட்டியா நீ? ஒன் மகனும் செத்தான்தானே! எப்படி வலிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

கோயிலில் எல்லாரும் கடவுளை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அது வேறு யாரோ ஆள் என்றே நினைத்தேன்.

"அம்மா யாரப்பா ஏசுறாங்க? போய்க் கூட்டிட்டு வந்துரலாம்ப்பா."

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரு லா. பேசட்டும். ரெண்டு பேரும் பேசி ரொம்ப நாளாச்சு."

ஏச்சு அழுகையானது, அழுகை முனகலாகி, பிறகு அதுவும் நின்றது. வெகுநேரம் கழித்து அம்மா பனியை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது. என் தலையைத் தொட்டுப் பார்த்தவர், "புள்ள நனஞ்சிருக்கு பாரு. குல்லா மாட்டிக் கூட்டிட்டு வரத் தெரியாதா?" என்று அப்பாவைக் கடிந்தார். அம்மா யாரையும் கடிந்து பேசியே பல நாள்களாகியிருந்தன.

அன்று சோற்றுக்கு முன் அம்மா கண்ணை மூடினார். சோறு ஆறும்வரை அப்படியே இருந்தார். அப்பாவும் தட்டைத் தொடாமல் காத்திருந்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் நான் அந்த இடத்துக்குப் போய்த் தேடினேன். தேயிலைச் செடிகள்தான் சொட்டிக்கொண்டு நின்றன. வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன்:

"அங்க ஒருத்தரும் இல்லப்பா. அம்மா ஏசுனதுல அந்த ஆளு ஓடிப்போயிட்டாரு."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"இல்லம்மா. அவரு எங்கயும் போகல."

சிரித்தவர் எதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.