அம்மாவுக்குத் தொண்டை கட்டிய நாள்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் நான் வாழைத்தோட்டத்துக்குள் ஓடிவிடுவேன். வகுப்பில் உரத்து வாசிக்கிற நாளில் எனக்குத் தவறாமல் வயிற்றுக்குத்து வரும். எனக்குத் திக்குவாய் என்பது நீர்வேலி ஊர் முழுக்கத் தெரியும். திக்குவதைவிட, திக்கப்போகிறேனே என்ற பயம்தான் என்னைத் தின்றது என்பது ஒருவருக்கும் தெரியாது. யாராவது வந்து கேள்வி கேட்டால் நான் முதல் எழுத்தில் நிற்கும்போதே மிச்சத்தை அம்மா சொல்லி முடித்துவிடுவார்.

அக்காவின் கலியாணத்துக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அழைப்பிதழ் கொடுத்தால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லவேண்டும். சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள். வராததோடு விடவும் மாட்டார்கள், பத்து வருஷம் கதைப்பார்கள். அம்மா ஒரு கிழமையாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கடைசியாய் மிஞ்சியது அளவெட்டியில் இருந்த பெரிய மாமி, அப்பாவின் அக்கா. அவர் எந்த நல்லது கெட்டதுக்கும் வருவதில்லை. வீடு தேடிப் போனாலும் தலையாட்டுவதோடு சரி.

"தடிப்புப் பிடிச்ச மனுசி, ஒருத்தரையும் மதியாது," என்பார் அப்பாவே. சொந்த மாமியே வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கதைக்கப்போகிறார்கள் என்று அக்கா ஒரே அழுகை.

அப்பா வாழைக்குலை ஏற்ற நின்றுவிட்டதால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மாமி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு அம்மா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. ஒரு கிழமை கதைத்ததில் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாசல் கேற் திறந்துதான் கிடந்தது, ஓடியிருக்கலாம். அக்காவின் அழுத முகம் விடவில்லை.

"மாமி, அக்காவுக்குக் க... க..."

வழக்கமாக இந்த இடத்தில் சொல்லை மாற்றி "விசேஷம்" என்று தப்பிவிடுவேன். அன்றைக்கு எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. கலியாணத்தைக் கலியாணம் என்றுதான் சொல்லுவேன் என்று நின்றேன். மாமி எடுத்துக் கொடுக்கவில்லை. ஆறுதலாய்ச் சொல்லு என்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"க... கலியாணம்! நீங்கள் க... கட்டாயம் வரோணும்!"

முழுவதும் நானே சொன்னேன்!

மாமியின் உதடு நடுங்கியது. "ஓம் பிள்ளை," என்றார். "வ... வ... வாறன்."

அட கடவுளே, என் திக்கு மாமிக்கும் தொத்திவிட்டதே என்று நினைத்தேன். பஸ்ஸில் அதைச் சொன்னபோது அம்மா சத்தமே வராமல் சிரித்தார். பிறகு ஏனோ என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கலியாணத்தன்று மாமி எல்லோருக்கும் முன்னே வந்து முன்வரிசையில் இருந்தார். சனம் வாயைப் பிளந்தது. மாமியை வரச்செய்தது நான்தான் என்று பந்தி பந்தியாய்ப் போய்த் திக்கித் திக்கி அளந்தேன். இடையில் எடுத்துக் கொடுக்க வந்தவர்களை விடவேயில்லை. மாமியின் தடிப்பை முறித்தவள் நான் என்று அவ்வளவு பெருமை எனக்கு. முறிக்க அங்கே தடிப்பு என்று ஒன்று இருக்கவேயில்லை என்பதும், என்னைப் போலவே வாயைத் திறக்கப் பயந்துதான் அந்த மனுசி அத்தனை வருஷமும் வீட்டுக்குள் கிடந்தார் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.