பஸ்ஸில் தூங்கிய கவிஞர்

இன்று காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவை எழுப்பிவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. மழை விட்டிருந்தது, மலை உச்சியைச் சுற்றி வெள்ளை மேகம். அதைப் படம் எடுக்க எட்டியபோது என் பை அவர் தோளில் இடித்துவிட்டது.

"இன்னாம்மா, ஸ்டாப்பிங் வந்துடுச்சா?"

"இல்லக்கா, சாரி. மலைய போட்டோ எடுக்கறேன்."

அவர் பெயர் ஷமீம். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் நர்ஸ். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"ஆறு வருசமா இதே பஸ்லதான் வரேன். ஏறுனதும் தூங்கிடுவேன். இத பார்த்ததே இல்லயே!"

நான் எடுத்த நாலு படத்திலும் கரண்ட் கம்பம்தான் விழுந்திருந்தது. "குடுங்க" என்று போனை வாங்கினார். வேகத்தடையில் பஸ் மெதுவாகும்வரை காத்திருந்து, ஒரே ஒரு படம் எடுத்தார். மலை முழுசாக வந்தது.

படத்தை நெட்டில் போடும்போது அதன் கீழே எழுத ஒரு கவிதைக்காக "கம்பீரம்", "மௌனம்" என்று தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டப்படறீங்க? மலை தலைக்குக் குளிச்சிட்டுத் துண்டு கட்டிக்கினு நிக்குது, அவ்ளோதான்."

அதையே எழுதினேன். உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"தாராளமா போடுங்க. எங்க வூட்டுக்காரரும் பார்க்கட்டும்."

ஆக, படம் அவருடையது, வரி அவருடையது. என்னுடையது நெட் மட்டும்தான். அதையும் யாராவது பாராட்டினால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.