கதவைத் திறந்தவர்

பக்கவாதத்தில் விழுந்த என் கணவருக்கு நான்கு மாதங்களில் வலது கால் ஓரளவு தேறியிருந்தது. ஆனாலும் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், அவரைக் கட்டிலைவிட்டு இறங்கவே நான் விடவில்லை. சோறும் நானேதான் ஊட்டினேன்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நசீமா ஒருநாள் சொன்னார்: "அம்மா, நீங்க பக்கத்துல இருந்தா சார் எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு. ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் பார்த்துக்கொண்டவளையே வெளியே அனுப்புகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கத்திரிக்காய் பொறுக்கக்கூட மனம் ஓடவில்லை. அரை மணியிலேயே திரும்பி வந்து காலிங் பெல்லை அழுத்தினேன்.

கதவு திறக்கச் சற்று நேரமானது. வாக்கரைப் பிடித்தபடி என் கணவர் நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பின்னால் நசீமா, அவரைத் தொடாமல், சிரித்துக்கொண்டு.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார் அவர்.

காய்ப் பையோடு வாசலிலேயே நின்று சிரித்தேன், அழுதேன். அவரைப் படுக்கவைத்திருந்ததில் என் பயத்துக்கும் பங்கு இருந்தது.

இப்போதெல்லாம் கையில் சாவி இருந்தாலும், பெல்லை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.