பாதிக்கு மேலே பதினெட்டு

ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். ஆரணி பஸ் நிலையம் வருவதற்குள் சுபலட்சுமி மடியிலிருக்கும் நோட்டில் மூன்று குடும்பங்களை வரைந்துவிடுகிறார். பஸ் குலுங்கினால் வட்டம் பூசணிக்காய் ஆகிவிடும். தானே பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண், வயது நாற்பத்திரண்டு. புள்ளியியல் படித்துவிட்டு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களை ஆராயும் மையம் ஒன்றில் வேலை. அப்பா, அம்மா, குழந்தை மூவரின் ரத்தமும் வேண்டும். ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களை வைத்திருக்கும் பெற்றோர், குழந்தைக்கு எதைக் கொடுத்தார்கள் என்று எண்ணுகிறார். இரண்டில் ஒன்றின்மேல்தான் சந்தேகம். "சம்பந்தமே இல்லன்னா பாதிக்குப் பாதி வரணுங்க. நல்லா எகிறிச்சின்னா, அங்க ஏதோ இருக்குது!" சொல்லும்போதே வளையல் குலுங்கும்.

2003இல் கொசப்பாளையம் கற்பகத்தின் வீட்டுக்குப் போனார். கற்பகத்தின் ஐந்து வயது மகன் கிரணுக்குப் பேச்சு வரவில்லை. "எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு கெடையாது. எல்லாம் இவ எடுத்தாந்தது" என்று நாத்தனார் பூங்காவனம் தெருவெல்லாம் சொல்லிவந்தார். கற்பகத்தைச் சேத்துப்பட்டுக்கு, தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

அந்த வீட்டு ரத்தப் பரிசோதனை முடிவோ தலையில் இடியாக வந்தது: குழந்தையும் தந்தையும் பொருந்தவில்லை!

"இந்தக் குடும்பத்தக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம் மேடம்" என்றார்கள் மையத்தில். சுபலட்சுமி தாளை நாலாக மடித்தார், யாரிடமும் மூச்சுவிடாமல் ஆரணி பஸ் ஏறினார். கற்பகத்திடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டது ஒன்றுதான்: "அன்னிக்கி அப்பான்னு ரத்தம் குடுத்தது யாருங்க?"

"நான்தாங்க!" கற்பகத்தின் கணவருக்கு அண்ணன் ஜெகநாதன் பெருமையாக முன்னே வந்தார். "தம்பி தறியில புதுப் பாவு பிணைச்சிகினு இருந்தான். பாதியில எழுந்தா நூலு சிக்கிக்கும். அண்ணன் தம்பி ரத்தம் ஒண்ணுதானேன்னு குடுத்துட்டேன்."

"நல்லா குடுத்தீங்க போங்க! ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கலங்க!" சிரிப்பும் கண்ணீருமாக உள்ளூர் நர்ஸை வரவழைத்து ஊசியை எடுக்கச் சொன்னார். தம்பி சந்திரமோகன் தறியை விட்டு இறங்கிவந்து கை நீட்டினார். இம்முறை பொருந்தியது. குடும்பமும் கணக்கில் நின்றது.

ஆறு மாதத்தில் மொத்த எண்ணிக்கையும் வந்தது. இரண்டு வடிவமும் உள்ள பெற்றோர் நூற்றிருபது பேர். சந்தேகப்பட்ட வடிவத்தைக் கொடுத்தவர்கள் அறுபது பேர் இல்லை, எழுபத்தெட்டுப் பேர்! அதைச் சொல்லவே அந்த வீட்டுக்கு மறுபடியும் வந்தார்.

"அதான் சொன்னேனே, எல்லாம் அம்மாக்காரிங்க வழிதானே?" என்றார் பூங்காவனம்.

"அதையும் பிரிச்சி எண்ணிட்டேங்க. அப்பாங்க நாப்பது, அம்மாங்க முப்பத்தெட்டு. யாரும் பொறுக்கி எடுத்துக் குடுக்கல. இது ஒண்ணுதான் காரணம்னும் இல்ல."

"அப்ப நம்ம பக்கந்தான் ரெண்டு தூக்கலா, அக்கா?" என்றார் ஜெகநாதன்.

சுபலட்சுமி தனக்குப் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து, கதவோரம் நின்ற கற்பகத்தின் பக்கம் அதை நகர்த்தினார்; அவர் உட்காரும்வரை கையை எடுக்கவில்லை.