வலது பூட்ஸில் கூழாங்கல்

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, பட்டாணி அளவுக் கூழாங்கல்லை மறுபடி குதிகால் பக்கம் வைத்துக் காலை நுழைக்கிறார் ஈனாக் ஹாஸ்லம். கெட்டுப்போனது இடது முழங்கால். கல் போவதோ வலது பூட்ஸுக்குள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்தால் நொண்டல் தெரியாதாம்.

"வாத்து மாதிரி இருக்குய்யா நீ நடக்குறது," என்கிறாள் மனைவி கெசையா.

"வாத்த நொண்டின்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா?"

இங்கிலாந்தில், லங்காஷயரின் இந்த நெசவாலை ஊரில், கால்பந்து ஆடச் சம்பளம் என்பதே புதுசாக இருந்தபோது தறியை விட்டு வந்தவர். "இனிமே இத நீயே ஓட்டிக்க," என்று மேஸ்திரியிடம் வாயை வேறு விட்டார். மேஸ்திரி இன்னும் இருக்கிறார், மறக்கவில்லை. எட்டு வருடம் ஊர்க் கிளப்பின் நடுத் தடுப்பு ஆட்டக்காரராக நின்று, மழையில் ஊறிக் கனத்த பந்துகளை முட்டியதில் ஈனாக்கின் நெற்றியில் தையல் தழும்பு. மதுக்கடையில் கேட்டவர்க்கெல்லாம் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்.

கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. பதிலாள் இறக்க விதியில்லை. அடிபட்டவனைக் கோட்டோரம் நிறுத்திவிடுவது வழக்கம். ஒரு மணி நேரம் நின்றார். ஒருவரும் பந்தைத் தரவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. அதன்பிறகு கிளப் அவரை ஆடவும் விடவில்லை, வேறு கிளப்புக்குப் போக விடுவிப்புச் சீட்டும் தரவில்லை.

"நீ என்ன கட்டிப்போட்ட மாடா?" என்று கெசையா பொருமுகிறாள்.

இந்த வாரம் அவர் இடத்தில் ஆடுபவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். வேறு ஆள் ஏது என்று ஊரே சொன்னது. செவ்வாயன்று பயிற்சியாளர் ஜேபஸ் முன்னால் மைதானத்தை இரண்டு முறை சுற்றி நடந்து காட்டினார் ஈனாக். ஜேபஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழன் மாலை, மதுக்கடைக் கண்ணாடியில் ஜேபஸே இந்த வார ஆட்டத்துக்கான பட்டியலை ஒட்டுகிறார். பதினோரு பெயர். ஈனாக் மேலிருந்து கீழே படிக்கிறார். கீழிருந்து மேலேயும் படிக்கிறார். நடுத் தடுப்பில் கறிக்கடைக்காரர் மகன் பெயர்.

"அந்தக் கல்ல எடுத்துப் போட்டுடுப்பா," என்கிறார் ஜேபஸ் தணிந்த குரலில். "நல்லா இருக்குற காலும் போயிடும்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீ கல்ல வச்ச மொத நாளே."

ஜேபஸ் உள்ளே போய்விட்டார். ஈனாக் வாசற்படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிக் கல்லை உள்ளங்கையில் கொட்டிக்கொள்கிறார். வீட்டுக்கு ஆலை வழியாகத்தான் போக வேண்டும். ஆலை விடும் நேரம், மேஸ்திரி வாசலில் நிற்பார். இனி அவரிடம்தான் தறி கேட்க வேண்டும். நொண்டிக்கு யார் தறி கொடுப்பார்கள்?

கல்லைச் சட்டையில் துடைத்து, மறுபடி பூட்ஸுக்குள் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்.