எலி கடித்த ரப்பர்

போன மாதம் எங்கள் வீட்டுக் கார் செட்டின் ஷட்டருக்கு அடி ரப்பர் மாற்ற வந்தவர், தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கு மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எலி கடித்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியிருக்கும். நியாயம்தான். நான் சிரித்தது அந்த எலிக்கு அல்ல. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கோவில்பட்டியில், ஸ்கேல் வைத்ததுபோல் மூன்று பக்கமும் நேராகக் கடித்துவிட்டுப் போன வேறோர் எலிக்கு.

ஊர் முடிந்து கரிசல் தொடங்கும் தெருவில் இருந்தது எங்கள் வீடு. வீட்டு வாசல் தெருவைப் பார்த்திருக்கும். பக்கத்தில் ஒரு முடுக்கு, ஒரு வண்டி மட்டும் போகும் சந்து. கார் செட்டின் ஷட்டர் அந்த முடுக்கைப் பார்த்திருக்கும். அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். பழைய அம்பாசிடரை விற்றுவிட்டு ஒரு வேன் வாங்கினார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவே பார்த்திருக்க அதைச் செட்டுக்குள் ஏற்றியபோதுதான் தெரிந்தது, வேனுக்குத் தலை உயரம் என்று. அன்றிலிருந்து வேன் தெருவில் நின்றது. செட்டு சும்மா கிடந்தது. சும்மா கிடந்த செட்டுக்கு அந்தப் பங்குனியில் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கடம்பூரில் போளிக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தபோது, போட்டோ எடுக்க ஒவ்வொரு குடும்பமாக மேடைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவைக் கூப்பிட விட்டுப்போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. அப்பா பந்தியில் கை நனைக்காமல் எழுந்து, தங்கையையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "அவன் என் வாசல்ல வந்து நின்னு கூப்புடட்டும், அனுப்புதேன்" என்று இங்கிருந்து ஒரு வார்த்தை போயிற்று. "போனவ தானா வரட்டும்" என்று அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தது. முடுக்குக்குள் எதிரெதிரே நுழைந்துவிட்ட இரண்டு வண்டிகள்போல அந்த இரண்டு வார்த்தைகளும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. எது பின்னால் போவது என்பதுதான் கேள்வி. நடுவில் அத்தை இருந்தாள், அம்பாசிடர் விட்டுப்போன ஆயில் கறைமேல் பாய் விரித்துக்கொண்டு.

இதெல்லாம் பெரியவர்கள் பேசிக் காதில் விழுந்ததுதான். எனக்கு அத்தை வந்தது கொண்டாட்டம். என்னை "மருமவளே" என்று கூப்பிட அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஷட்டரின் அடி ரப்பர் எப்போதோ முறுக்குப்போல் காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. தரைக்கும் இரும்புக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. கோடை மத்தியானங்களில் அதன் வழியாக வெளிச்சம் ஒரு வெள்ளைத் துண்டு காயப்போட்டதுபோல் உள்ளே விழும். நானும் அத்தையும் குப்புறப் படுத்து முடுக்கைப் பார்ப்போம். கால்கள் மட்டும் தெரியும். கால்களை வைத்து ஆளைச் சொல்ல வேண்டும். "இது?" "பால்காரர்." "இது?" "தீப்பெட்டி ஆபீஸ் போயிட்டு வார அக்கா, விரல்ல மருந்து இருக்கு பாரு." பித்தவெடிப்பை வைத்து, கொலுசை வைத்து, சைக்கிளை உருட்டும்போது தேயும் ஒற்றைச் செருப்பை வைத்து நான் தெருவையே சொல்லிவிடுவேன். ஒரே ஒரு ஜோடிக் கால் வரும்போது மட்டும் அத்தை என்னைக் கேட்கமாட்டாள். தோல் செருப்பு. கட்டைவிரல் வாரில் வேறு நிறத்தில் ஒட்டுத்தோல். நகக்கண்ணில் மாவு. சனிக்கிழமைகளில், மத்தியான ரயில் வந்துபோன பிறகு, அது வந்து ஷட்டர் முன்னால் நிற்கும். பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் தரையை உரசிக்கொண்டு உள்ளே வரும். இரண்டு விரல்கள் அதைத் தள்ளிவிட்டுத் திரும்பும். அத்தை பொட்டலத்தை எடுப்பதற்கு முன், ஒவ்வொரு தடவையும், அந்த விரல்களை ஒருமுறை தொடுவாள். சூடா என்று பார்ப்பதுபோல.

உள்ளே போளி. நெய் பேப்பரில் ஊறி, எழுத்தெல்லாம் தெளிந்திருக்கும். எனக்குப் பாதி.

"யாரு அத்தே தாரா?"

"அவிய."

"அவியன்னா எவிய?"

"போளி தாரவிய. பேசாமத் தின்னு மருமவளே. வெளிய சொன்னா வராது."

எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரிய எவரும் அவியதான். தாசில்தார் அவிய, சாமியாடி அவிய, செத்துப்போன தாத்தா அவிய. ஆனால் எனக்கென்னவோ, 'அவிய' என்று தனியாக ஒரு சனம் இருப்பதாகவே பட்டது. முழங்காலுக்கு மேல் இல்லாதவர்கள். சனிக்கிழமைகளில் தரையோரமாக வந்து நல்ல பிள்ளைகளுக்குப் போளி தள்ளிவிட்டுப் போகிறவர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி பிறந்ததும் காற்று கிளம்பியது. கரிசல் பொடி ஷட்டருக்கு அடியில் புகுந்து பாயிலும் தலையணையிலும் மை பூசியது. அத்தை உதறிவிட்டு மறுபடி விரித்துக்கொண்டாள். பிறகு ஒரு காலையில் பாய்க்கடியில் தேள் கிடந்தது. அப்பா அதை அடித்துவிட்டு இடைவெளியைப் பார்த்தார். "இதுக்குள்ள பெருச்சாளியே நொழையும். மொதல்ல இத அடைக்கணும்."

"வேண்டாம் அண்ணே" என்றாள் அத்தை. "காத்து வரட்டும்."

"காத்து வார வழியாத்தான் தேளும் வருது."

சித்தப்பாவுக்கு ஆள் போயிற்று. அப்பாவுக்குத் தம்பி, அத்தைக்கு அண்ணன். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் வேலை. எதைச் செய்தாலும் தேவைக்கு மேல் ஒரு பங்கு பலமாகச் செய்கிறவர். கடையில் விற்கும் ரப்பர் பட்டையை எடுத்து வளைத்துப் பார்த்து, "இது வளையல் போடுறதுக்குல்லா ஆகும்" என்று தூக்கிப் போட்டுவிட்டு, லாரி டயருக்கு ஒட்டும் கெட்டி ரப்பரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பழைய ரப்பரின் மிச்சத்தைச் சுரண்டினார். இரும்புப் பட்டையைக் கழற்றி, அதன் துளைகளைச் சாக்பீஸால் ரப்பரில் குறித்து, சூடு காட்டிய கம்பியால் துளை போட்டார். நாறியது. பட்டையையும் ரப்பரையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு போல்ட்டாக, ஒரேயடியாக இறுக்காமல், இந்தக் கடைசிக்கொன்று அந்தக் கடைசிக்கொன்று என்று முடுக்கினார். பிறகு ஷட்டரை இழுத்து மூடி, அடுக்களைக் கதவையும் சாத்தி, எங்களை இருட்டில் நிற்கவைத்தார்.

"எங்கனயாவது வெளிச்சம் வருதா பாருங்க. வெளிச்சம் வந்தா தேளும் வரும்."

வெளிச்சம் வரவில்லை. அந்த வெள்ளைத் துண்டை யாரோ கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டார்கள். "எப்படி நம்ம வேல?" என்றார் சித்தப்பா இருட்டில். அத்தை எங்கே நிற்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் காத்திருந்தேன். செருப்புச் சத்தம் வந்தது, நின்றது. ஷட்டரில் ஏதோ லேசாக உரசியது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் திரும்பிப் போயிற்று. அத்தை ஷட்டரில் கன்னத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். போளிக்காக இவ்வளவு பெரிய மனுஷி அழுவாளா என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் எலி கடித்துவிட்டது.

அப்பாதான் முதலில் பார்த்தார். ரப்பரின் நடுவில் ஒரு கை அகலத்துக்கு வாசல் வைத்ததுபோல ஒரு வெட்டு. சித்தப்பா வந்து குந்தி உட்கார்ந்து அதன் ஓரத்தை விரலால் நீவினார். தலையைத் திருப்பி, மூலையில் சாத்தியிருந்த அரிவாள்மணையைப் பார்த்தார். அதன் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது; அத்தை நகர்ந்து அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். சித்தப்பா மறுபடி ரப்பரைப் பார்த்தார்.

"எலிதான்" என்றார்.

"ஏலே, எலி என்ன கோடு போட்டா கடிக்கும்?"

"படிச்ச எலியா இருக்கும்ண்ணே. கோயில்பட்டில எல்லாம் படிச்சதுதான்."

அம்மா அடுக்களைக்குள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "வேற ரப்பர் போடு" என்றார்.

"இந்தக் கெட்டி ரப்பர் பட்டறைல தீந்துபோச்சு. வரட்டும், பாப்போம். அதுவரைக்கும் இதையே நல்லா எறக்கிக் கட்டிடுதேன். எலி தலைய நொழைக்கட்டும் பாப்போம்."

போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பரைத் தரையில் அழுந்தும்வரை கீழே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். ஷட்டர் தூக்கும்போது முனகியது. வெட்டு சிறுத்தது, ஆனால் மூடவில்லை. ஒரு போளி மடிக்காமல் நுழையும் அளவுக்கு இருந்தது. இரண்டு போளி என்றால் சிரமம். அப்பா எலிப்பொறியில் கருவாடு வைத்தார். எலி விழவில்லை. சனிக்கிழமைகளில் ஒற்றைப் போளி வந்தது. வாசலுக்கு ஒருவர் வரவேண்டும், அல்லது ஒருத்தி தானாகப் போகவேண்டும் என்ற வழக்கு அப்படியேதான் இருந்தது. ஷட்டர் வாசலில் சேராது அல்லவா? யாருடைய வார்த்தையும் கெடாமல், ஒரு கை அகலத்தில் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் மண் வெயிலுக்குச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மழையைக் குடித்தால் ஊறிப் பொங்கும். மேலே போட்டிருக்கும் தரையையும் தூக்கிக்கொண்டு எழும். விடாத அந்த மழையில் செட்டின் தரை ஷட்டரை நோக்கி எழுந்தது. ரப்பர் நசுங்கிப் பிதுங்கியது. எலி கடித்த இடம் தூக்கம் வந்த கண்போல மூடிக்கொண்டே வந்தது.

அன்றும் சனிக்கிழமை. சவாரி இல்லாததால் அப்பா முன் அறையில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவும் வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் செட்டில். தண்ணீரில் கால் வைத்து வரும் சத்தம் ஷட்டர் முன்னால் நின்றது. பொட்டலத்தின் மூலை உள்ளே நுழைந்தது. அதற்கு மேல் வரவில்லை. அங்கிருந்து தள்ள, இங்கிருந்து அத்தை இழுக்க, பேப்பர் கிழிந்து, ஒரு விரல்கடை போளி மட்டும் அவள் கையோடு வந்தது. விரல்கள் வரவே இல்லை.

அத்தை அதைப் பார்த்தாள். எழுந்து, இரண்டு கைகளாலும் ஷட்டரைப் பிடித்துத் தூக்கினாள். வந்த நாளிலிருந்து அவள் அதைத் தூக்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது.

வெளியிலிருந்து குரல் வந்தது. அவியளுக்குக் குரல் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "விடு. மழை வலுக்குது. நான் வாரேன்."

எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வாரேன் என்பார்கள், போவார்கள். அத்தைக்குத் தெரியாததா? ஆனால் அவள் தரையில் மண்டியிட்டு, மூடியும் மூடாத அந்த வெட்டில் வாயை வைத்துச் சொன்னாள்:

"வாரேன்னு சொன்னா வரணும். வாசலுக்கு வாங்க."

வெளியே செருப்பு தண்ணீரில் இடம் மாறியது.

"ஒங்க அண்ணன்…"

"அண்ணன் உக்காந்துதான் இருக்காவ. வாசல்ல நான் நிக்கேன். வாங்க."

எழுந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களையில் அம்மாவைத் தாண்டி, முன் அறையில் அப்பாவைத் தாண்டி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"எங்கன போற?" என்றார் அப்பா.

"கதவத் தெறக்கப் போறேன்."

சித்தப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அத்தை தாழ்ப்பாளை எடுத்தாள். படிக்கு வெளியே நனைந்தபடி ஒரு மனிதர் நின்றார், கையில் கிழிந்த பொட்டலத்தோடு. கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை போலும். அவளும் படி தாண்டவில்லை. மழைத் தண்ணீர் அவர் காலைச் சுற்றிச் சுழித்து ஓடியது. நான் குனிந்து பார்த்தேன்: ஒட்டுத்தோல் வைத்த செருப்பு.

அப்பா எழுந்தார், உட்கார்ந்தார். அவர் கண் அந்தப் பொட்டலத்தில் நின்றது. பிறகு தங்கையின் முதுகைப் பார்த்தார். நேரே அவரிடம் பேசவில்லை. அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி அம்மாவிடம் சொன்னார்:

"அவியளுக்குத் துண்டு எடுத்துக் குடு. தல நனைஞ்சிருக்கு."

பங்குனியிலிருந்து அந்த நிமிஷம் வரை அப்பா வாயில் அவர் 'அவன்'தான். அத்தை கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா துண்டோடு ஓடிவந்தாள். எனக்கோ வேறு ஆச்சரியம். அப்பாவுக்கும் அவியளைத் தெரிந்திருக்கிறது. அவியளுக்கு முழங்காலுக்கு மேலேயும் ஆள் இருக்கிறது, மீசைகூட இருக்கிறது.

மழை விட்டதும் அப்பாவே வேனில் அவர்களைக் கடம்பூருக்குக் கொண்டுபோய் விட்டார். நானும் போவேன் என்று அழுதேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, "வாரேன் மருமவளே" என்றாள்.

தை பிறந்து மண் காய்ந்தது. தரை பழையபடி இறங்க, ஷட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்பா சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொண்டார். "ஏலே, கரிசல்ல பொறந்து வளந்துட்டு, மழைக்கு மண்ணு பொங்கும்னு தெரியாமலா ரப்பர அப்படி எறக்கிக் கட்டுன?"

"தெரியாமப் போச்சுண்ணே" என்பார் சித்தப்பா, தலையைச் சொறிந்துகொண்டு.

நான் அப்போது அதை அப்படியே நம்பினேன். பாவம் சித்தப்பா, எனக்குத் தெரிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டேன். சனிக்கிழமை மத்தியானங்களில், ரயில் வந்துபோன பிறகு, ஆயில் கறைமேல் தனியாகக் குப்புறப் படுத்து, எலி வைத்துவிட்டுப் போன அந்தச் சின்ன வாசல் வழியாக முடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் போனார். தீப்பெட்டி ஆபீஸ் அக்கா போனாள். எத்தனையோ கால்கள் போயின. ஒன்றும் நிற்கவில்லை.