முதல்நாளே கிளம்பிய செருப்பு

அம்மாவின் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் என் வணக்கம். "அந்த ஆப்பரேஷன் செய்யாம இருந்திருந்தா இன்னும் இருந்திருப்பாங்க" என்று சிலர் மெல்லப் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. மகள் என்ற உரிமையில் இங்கே உரக்கவே பதில் சொல்லிவிடுகிறேன்.

காஹாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் அம்மா. இளவயதில் ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினார். பிறகு எண்ணெய் ஆட்டும் செம்பனையின் உதிரிப்பழம் பொறுக்கினார். அப்பா காலமானதும் என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு உலு திராம் பட்டணத்துக்கு வந்து, தொழிற்சாலைக் கேன்டீனில் சமைத்து எங்களை ஆளாக்கினார். யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அஷ்டமி, நவமி பார்ப்பதில் மட்டும் அவரை அசைக்கவே முடியாது. தம்பி சிங்கப்பூரில் வேலைக்குச் சேரும் நாள் அஷ்டமி என்று தெரிந்ததும், முதல்நாளே அவன் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பை நல்ல நாளில் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு.

குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் கட்டாமலிருக்கப் பல காலமாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்க ஊசி போட்ட டாக்டர், இரத்தப் பரிசோதனை சரியாக வந்தால் மறுநாளே அறுவை என்றார். மறுநாள் அஷ்டமி.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, குதித்தார். "அந்த மாத்திரை சாப்பிடறவள வெட்டுனா ரத்தம் நிக்குமா? அஷ்டமி நவமி ரெண்டும் போகட்டும்லா. இல்லன்னா வீட்டுக்குக் கொண்டு போயி எண்ணெ போட்டு உருவி விட்டுக்கலாம்."

டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான். "ரத்தம் கசியலாம், நான் மறைக்கல. ஆனா படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண்ணு வரும். மாத்திரையையும் ரொம்ப நாளு நிறுத்தி வைக்க முடியாது, ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரும்" என்றார்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கக்கூசுக்கு நானே நடந்து போவனா?"

"தொங்காட் தடி ஊணிக்கிட்டுப் போகலாம், உறுதியா சொல்ல முடியாது. செய்யலன்னா கஷ்டந்தான் ஆன்ட்டி."

"அப்ப செய்ங்க." பிறகு என்னைப் பார்த்தார். "என் செருப்ப இன்னிக்கே கொண்டு போயி ஆப்பரேஷன் ரூம் வாசல்ல வச்சிட்டு வா. நான் இன்னிக்கே கெளம்பியாச்சு. உங்க மாமாகிட்ட சொல்லு."

அந்த ரப்பர் செருப்பை நான் கையில் தூக்கிக்கொண்டு போனேன். விவரம் கேட்ட மலாய்த் தாதி சிரித்துவிட்டு, அதை ஓரமாகப் பத்திரப்படுத்தினார். மாமாவிடமும் அப்படியே போய்ச் சொன்னேன்.

எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தொடையெல்லாம் கறுத்துப் போயிற்று. நடை பழக்கியவர்களை அம்மா திட்டித் தீர்த்தார், வலி தாங்காமல் அழுதார், மறுபடி எழுந்து நின்றார். ஒரு நாள் குளியலறைக்குள் போய், என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தார். இதயம்தான் கடைசியில் ஓய்ந்தது.

இரத்தம் தந்தவர்களுக்கும், புண் ஆற விரால்மீன் சூப் வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், டாக்டருக்கும், செருப்பைக் காத்த தாதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோபத்தோடு வந்தும் அறுவை முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்த பெரிய மாமாவுக்கும் நன்றி.

இன்னும் கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கடைசி நாள் காலையிலும் அம்மா தானே நடந்து போய்க் குளித்து, புடவை கட்டி, விளக்கேற்றிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார். நான் ஓடி வந்தபோது, செருப்பு குளியலறை வாசலில் ஈரமாக இருந்தது.